ஏ.சி. மாட்டும் கூலியில் உயிருக்கு எவ்வளவு?

கத்திரி வெயில் தொடங்கும் முன்பே சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்தக் காட்சி தென்பட ஆரம்பித்துவிடும். நான்காவது மாடி ஜன்னலுக்கு வெளியே, குறுகலான சன்ஷேடில் ஒருவர் நிற்பார். ஒரு கையில் ஸ்பேனர்; மறு கை ஜன்னல் கம்பியில். உள்ளிருந்து ஹெல்பர் அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பார். வெளியே உள்ள யூனிட்டையும் அறைக்குள் உள்ள யூனிட்டையும் காப்பர் பைப்பால் இணைக்கும் வேலை அது. சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். ஒரு ஏ.சி. மாட்டினால் இவ்வளவு என்பதுதான் பெரும்பாலானவர்களின் கூலிக் கணக்கு.

இந்த வேலையில் ஒருவர் இறந்தால் ‘கவனக்குறைவு’ என்ற ஒற்றைச் சொல்லில் விஷயத்தை முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. கவனமாக வேலை செய்யத் தேவையான நேரத்துக்கும் கருவிகளுக்கும் நாம் காசு கொடுக்கிறோமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

அவர்கள் இணைக்கும் அந்தக் காப்பர் பைப், கையாலேயே வளைத்துவிடக்கூடிய மெல்லிய செம்புக் குழாய்தான். ஆனால், உள்ளே இருக்கும் அழுத்தம் சாதாரணமானதல்ல. கார் டயரில் 30 - 35 பி.எஸ்.ஐ. காற்று அடைக்கிறோம். பழைய ஏ.சி.களில் இருந்த ஆர்-22 வாயு, 45 டிகிரி செல்சியஸில் சுமார் 235 பி.எஸ்.ஐ. அழுத்தம் காட்டும். இன்று விற்கும் வீட்டு ஏ.சி.களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32. அதே வெப்பநிலையில் அதன் அழுத்தம் சுமார் 390. ஓசோன் படலத்தைக் கெடுக்காது, புவி வெப்பமாதலுக்கும் ஆர்-22 அளவுக்குக் காரணமாகாது என்பதால் வந்த மாற்றம் இது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால், ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் தரையோடு தங்கும். சில ஏ.சி.களில் இருக்கும் ஆர்-290 என்பதோ புரொப்பேன். சமையல் எரிவாயுவின் உடன்பிறப்பு.

மூத்த மெக்கானிக்குகளிடம் ஓர் அனுபவ அறிவு உண்டு. செம்பைச் சூடாக்கும்போது டார்ச்சின் ஜுவாலை பச்சையாக மாறினால், அருகில் வாயு கசிகிறது என்று விலகிவிடுவார்கள். ஆர்-22இல் குளோரின் இருப்பதால் தெரியும் நிறம் அது. ஆர்-32இல் குளோரின் கிடையாது, ஜுவாலை எச்சரிக்காது. நெருப்பில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சு மட்டும் உண்டாகும். இருபது ஆண்டுகள் ஒருவரைக் காப்பாற்றிய அறிவு ஒரு வாயு மாறியதும் பயனற்றுப்போகிறது. அதை அவருக்கு யார் சொன்னார்கள்?

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைக்குள்ளாக்குவது கசிவுச் சோதனைதான். பைப்பை இணைத்த பிறகு, நைட்ரஜனை அடைத்து அழுத்தம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்-32 ஏ.சி.களுக்கு இது சுமார் 600 பி.எஸ்.ஐ. வரை போகும். இதற்கு ஒரு சிலிண்டரும் ரெகுலேட்டரும் வேண்டும். இரண்டையும் படியேற்றித் தூக்கிவர ஆள் வேண்டும். வெல்டிங்குக்காகக் கொண்டுவந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் பக்கத்திலேயே இருக்கும்போது, ‘எல்லாம் காற்றுதானே’ என்று அதைப் பைப்பில் மாட்டிவிடும் ஆபத்து இருக்கிறது. கம்ப்ரஸரில் எண்ணெய் இருக்கிறது. அழுத்தமான ஆக்ஸிஜன் எண்ணெயோடு சேர்ந்தால் தீக்குச்சி தேவையில்லை, வெடிக்கும்.

ஏ.சி.யைக் கழற்றி இடம் மாற்றும்போது வாயுவை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டும் ‘பம்ப் டவுன்’ வேலையிலும் இதே இயற்பியல்தான். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவசரமாகப் பைப்பைக் கழற்றினால் அது காற்றை உள்ளிழுக்கும். எண்ணெயும் காற்றும் சேர்ந்து அழுத்தப்பட்டால் டீசல் இன்ஜினில் நடப்பதுதான் அங்கும் நடக்கும், கம்ப்ரஸர் சிதறும். ஜப்பானில் இத்தகைய விபத்துகள் நடந்து, அரசு அமைப்புகளே எச்சரிக்கை விடுத்தன. மின்கசிவும் இருக்கிறது. எர்த் சரியில்லாத வீட்டில் செம்புக் குழாயே ஷாக் அடிக்கும்.

இவை எதுவும் ரகசியமல்ல. ஐ.டி.ஐ.களில் குளிர்சாதனத் துறைக்கு 2 ஆண்டுப் படிப்பே இருக்கிறது. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட குளிரூட்டல் செயல்திட்டம், 2022-23க்குள் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர இலக்கு வைத்தது. பயிற்சி அவசியம். ஆனால், நைட்ரஜன் சோதனையைக் கற்றவர்கூட, அதைச் செய்தால் அன்றைக்கு ஒரு வீடு குறையும், கூலியும் குறையும் என்றால் என்ன செய்வார்?

சட்டமும் அவருக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு வரும் இருவர் எந்தக் கணக்கில் வருவார்கள்? விற்றவர் ஒப்பந்ததாரரைக் கைகாட்டுவார், ஒப்பந்ததாரர் ‘அவர் தனியாள்’ என்பார்.

எனவே, பொறுப்பு விற்கும் இடத்தில் தொடங்க வேண்டும். ஏ.சி.யை விற்கும் நிறுவனமே, அதைப் பொருத்தும் ஆளின் பாதுகாப்புக்கும் காப்பீட்டுக்கும் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும். ‘இலவச இன்ஸ்டலேஷன்’ என்று விளம்பரம் செய்பவர்கள், அந்த இலவசம் யாருடைய கூலியிலிருந்து கழிகிறது என்று சொல்ல வேண்டும். நைட்ரஜன் சோதனை, குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வேக்கம் பம்ப், உயரத்தில் வேலை செய்யப் பாதுகாப்புப் பட்டையும் கயிறும் என ஒவ்வொன்றுக்கும் பில்லில் தனி வரி இருக்கட்டும். கட்டுநர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. அவுட்டோர் யூனிட்டை உள்ளிருந்தே எட்டிப் பொருத்தும்படி ஒவ்வொரு வீட்டிலும் இடம் விட்டிருக்கிறார்களா என்பதைத் திட்ட அனுமதியின்போதே பார்க்க வேண்டும். கட்டி முடித்த பிறகு சன்ஷேடைத் தவிர வேறு வழி இருக்காது.

வீட்டுக்காரர்கள் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாலைக்குள் முடித்தாக வேண்டும் என்று நெருக்காமல் இருக்கலாம். கயிறு இல்லாமல் ஜன்னலைத் தாண்டக் கூடாது என்று சொல்லலாம். நாளைக்கு வாருங்கள் என்றால் ஓர் இரவு வெக்கையில் தூங்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பைப்பில் எந்த சிலிண்டரை மாட்டுகிறார்கள் என்றும் பார்க்கலாம். சாம்பல் நிற உடலும் கறுப்புக் கழுத்துமாக இருந்தால் அது நைட்ரஜன். கறுப்பு உடலும் வெள்ளைக் கழுத்துமாக இருந்தால் ஆக்ஸிஜன். வேலையை அந்த நொடியே நிறுத்தச் சொல்லுங்கள்.