சுருக்கு நிரல்களுள் எது சிறந்தது?

எமது அயல்வீட்டு மாணவர் ஒருவர் அண்மையில் மிகுந்த மனவாட்டத்தோடு எம்மிடம் வந்தார். புலமைப்பரிசில் விண்ணப்பம் ஒன்றின் பொருட்டுத் தம் சான்றிதழ்களையெல்லாம் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து மின்னஞ்சலில் அனுப்ப முயன்றிருக்கிறார். அளவு மிஞ்சியதென்று அது திரும்பிவிட்டது. இரவிரவாக நான்கு சுருக்கு நிரல்களைக் கணினியில் இறக்கி ஒவ்வொன்றாகப் பரீட்சித்தும் படங்கள் சற்றும் இளைக்கவில்லையாம். “நான்கினுள் எது ஐயா சிறந்தது?” என்பது அவர் வினா. முடிவுத் திகதிக்கோ இரண்டு நாட்களே இருந்தன.

வினாவை நாம் குறைகூறவில்லை. நிரலுக்கு நிரல் வேற்றுமை உண்டு என்பது மெய்யே. ஆங்கில விக்கிப்பீடியாவின் 2006ஆம் ஆண்டுப் பிரதியிலிருந்து முதல் 100 மில்லியன் பைட்டுகளை வெட்டியெடுத்து, அதனை மிகச் சிறிதாகச் சுருக்குவோருக்குப் பரிசளிக்கும் போட்டி ஒன்றை மார்க்கஸ் ஹட்டர் என்னும் அறிஞர் அவ்வாண்டிலேயே தொடங்கினார். அந்த 100 மில்லியன், ஸிப் பொதியில் வழங்கும் முறையினால் ஏறக்குறைய 36 மில்லியனாகும். பீஸிப்2 என்னும் நிரல் 29 மில்லியனுக்குக் கொணரும். 7-ஸிப் கையாளும் முறையோ 25 மில்லியனளவில் நிறுத்தும். போட்டியில் 2017இல் வென்ற நிரல் 15.3 மில்லியன் வரை இறக்கிற்று. ஆயினும் ஸிப் சில விநாடிகளில் முடிக்கும் வேலைக்கு இத்தகைய நிரல்கள் மணிக்கணக்கிற் காக்க வைக்கும். மீள விரிப்பதற்கும் அவ்வளவு நேரமே செல்லும். வீட்டுக்கு ஆகாத சிக்கனம் அது.

இவ்வேற்றுமை எங்கிருந்து வருகிறது? 1977இல் லெம்பெல், ஸிவ் என்னும் இருவர் கண்ட வழியே பெரும்பாலான நிரல்களுக்கு அடிப்படை. முன்னர் வந்த தொடர் மறுபடியும் வருமாயின் அதனைத் திரும்ப எழுதாது, “இத்தனை எழுத்துக்குப் பின்னாற் சென்று இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்” என்று குறித்துவிடுவதே அவ்வழி. ஸிப் அவ்வாறு திரும்பிப் பார்க்கும் தூரம் 32,768 பைட்டுகளே; தமிழிலாயின் நாலைந்து பக்கங்களுக்கு மேல் அதற்கு நினைவில்லை. 7-ஸிப்போ பல மில்லியன் பைட்டுகளை நினைவில் வைத்திருக்கும். மேலும், ஸிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே சுருக்கும். 7-ஸிப் பல கோப்புகளை ஒரே தொடராக எண்ணிச் சுருக்க வல்லது. வெற்று எழுத்துக் கோப்புகளாக உள்ள ஒரே கட்டுரையின் பத்து வரைவுகளை ஸிப்பில் இட்டால் பத்து வரைவுக்கும் இடம் வேண்டும். மற்றதில் ஏறத்தாழ ஒன்றுக்குரிய இடமே போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அவ்வாறு ஒன்றாய்ப் பிணைத்த பொதியில் ஓரிடம் பழுதானால் அயலிலுள்ள கோப்புகளும் உடன் கெடலாம். ஸிப்பில் அக்கேடு பெரும்பாலும் ஒரு கோப்போடு நின்றுவிடும்.

தமிழ்க் கோப்புகளுக்கு ஒரு விசேடம் உண்டு. இன்று வழங்கும் யூனிக்கோட் முறையில் ‘அம்மா’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளாகி, குறியொன்றுக்கு மூன்றாக 15 பைட்டுகள் கொள்ளும். ஆங்கிலத்தில் அன்னையைக் குறிக்கும் ஆறெழுத்துச் சொல்லுக்கு ஆறே போதும். எம்மொழிக்கு இஃது அநீதி என்று முறையிடுவோர் உளர். ஆனால் அம்மூன்றில் முதற் பைட்டு எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே. இரண்டாவது, இரண்டு பெறுமானங்களுள் ஒன்று. மூன்றாவதே பெரும்பாலும் புதிய செய்தியைச் சுமப்பது. ஆகவே சுருக்கு நிரலின் கையில் அகப்பட்டதும் தமிழ்க் கோப்பு ஆங்கிலக் கோப்பினும் கூடிய விகிதத்தில் இளைக்கக் காணலாம்.

இனி மாணவரின் படங்களுக்கு வருவோம். கைத்தொலைபேசி எடுக்கும் ஜேபெக் படம் பிறக்கும்போதே சுருக்கப்பட்டுப் பிறப்பது. கண் உணராத நுட்பங்களை நீக்கி, எஞ்சியதை ஹஃப்மன் குறிமுறையினால் இறுக்கிக் கட்டியிருக்கும். (டேவிட் ஹஃப்மன் அமெரிக்காவில் மாணவராயிருந்தபோது, இறுதிப் பரீட்சைக்குப் பதிலாக எழுதிய கட்டுரைக்கென்று கண்ட முறை இது, 1952இல் வெளியாயிற்று. ஸிப்பினுள்ளும் இதுவே உறைகிறது. எம் மாணவர்கள் இதனைப் பரீட்சையிலிருந்து தப்பும் உபாயமாகக் கொள்ளாதிருப்பாராக!) தேங்காய்ப்பூவில் முதற்பால் எடுத்தபின் கப்பிப்பாலாவது கிடைக்கும், ஜேபெக்கைப் பிழிந்தால் அதுவும் வராது. பாட்டுக் கோப்பும் ஒளிப்பதிவும் அப்படியே. வேர்டில் எழுதும் ஆவணமுங்கூட, 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த புதிய வடிவம் முதலாக உள்ளே ஒரு ஸிப் பொதிதான் என்பதைப் பலர் அறியார்.

எதனையும் சுருக்கும் நிரல் என்று ஒன்று இருக்கவும் முடியாது. இருந்தால், அதன் விளைவை மறுபடி அதனுள் இட்டு, மேலும் மேலும் இட்டு, ஒரு நூலகத்தையே ஒற்றைப் பைட்டாக்கிவிடலாமே! ஒற்றைப் பைட்டு 256 வகையில்தான் அமையும். உலகிலுள்ள நூல்களோ அதனினும் பல.

ஆகவே நான்கு நிரல்களையும் மூடிவைக்கச் சொன்னோம். படங்களைத் திறந்து, அகலத்தையும் உயரத்தையும் பாதியாக்கச் செய்தோம், புள்ளிகள் காற்பங்காயின. சான்றிதழின் எழுத்து, இலக்கம், முத்திரை யாவும் முன்போல வாசிக்கத்தக்கனவாயிருந்தன. இன்னொன்றும் சொன்னோம்: மின்னஞ்சல் இணைப்பின் ஒவ்வொரு மூன்று பைட்டும் வழியில் நான்காகிச் செல்கிறது. ஆதலின் 25 மெகாபைட் எல்லை என்றால் 18க்குள் அடக்குவதே நலம். ஒன்பது படங்களையும், திறப்போருக்குத் தொல்லையில்லாத ஸிப் பொதியாகவே கட்டினார். சுருக்குவதற்கன்று, சிதறாதிருப்பதற்கு. அன்று மாலையே பொதி போய்ச் சேர்ந்தது.

அவர் சிறிதாக்கியவை பிரதிகளே, மூலப்படங்களைத் தொடவிடவில்லை. ஸிப்பும் 7-ஸிப்பும் விரித்தால் ஓரெழுத்தும் குறையாமல் மீளும். படத்தின் அளவைக் குறைத்தால் போனது போனதே. தாத்தாவின் ஒரே படத்தை வட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்த குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். அங்கே வந்து சேர்ந்தது இளைத்த பிரதி. பெருப்பித்துச் சுவரில் மாட்ட முயன்றபோது முகம் கலங்கித் தெரிந்தது. அத்தகைய படங்களை ஆவணமாக இணைத்து அனுப்பினால் அவை உள்ளபடியே போகும். மூலத்தையும் வேறோரிடத்தில் வைத்திருக்க வேண்டும்.