சித்தி வீதத்துக்குள் மறைந்துபோகும் நம் பிள்ளைகள்

ஒவ்வொரு வருடமும் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் பதுளை, பண்டாரவளை, பசறை நகரங்களில் பதாகைகள் ஏறும். ஒன்பது ‘ஏ’ எடுத்த பிள்ளைகளின் படங்கள் இருக்கும். அவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. நமக்கெல்லாம் அது பெருமைதான். ஆனால் அந்தப் பிள்ளையோடு முதலாம் தரத்தில் சேர்ந்த மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பதாகையும் சொல்வதில்லை. கல்வி வலயத்தின் சித்தி வீதமும் அதைச் சொல்வதில்லை.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் 40 பிள்ளைகள் முதலாம் தரத்தில் சேர்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றுவது 20 பேர். உயர்தரத்துக்குத் தகுதி பெறுவது 14 பேர். பரீட்சை எழுதியவர்களை மட்டும் எண்ணினால் சித்தி 70 வீதம். சேர்ந்த 40 பேரையும் எண்ணினால் 35 வீதம். இடையில் நின்ற 20 பேர் சித்தியடையாதவர் பட்டியலில்கூட இல்லை. படிப்பில் பின்தங்கிய பிள்ளை பத்தாம் தரத்தோடு நின்றுவிட்டால் பாடசாலையின் வீதம் கூடும்! இப்படிப்பட்ட அளவுகோலை வைத்துக்கொண்டு ‘வலயம் முன்னேறுகிறது’ என்று சொல்வதில் நமக்கு என்ன இருக்கிறது?

இது வெறும் கணக்கு விளையாட்டல்ல. 2016 முதல் இந்த நாட்டில் கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. ஒன்பதாம் தரத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொழும்புக் கடைக்குப் போகும் பையனும், அம்மா வெளிநாடு போனதால் தம்பி தங்கச்சியைப் பார்க்க வீட்டில் நிற்கும் பிள்ளையும் சட்டப்படி வகுப்பில் இருக்க வேண்டியவர்கள்.

அவர்கள் எங்கே நழுவுகிறார்கள் என்பதைப் பாடசாலைகளின் வகையே காட்டும். 1ஏபி பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு. 1சி பாடசாலையில் கலை, வர்த்தகம் வரை. வகை 2 பதினோராம் தரத்தோடு முடியும். வகை 3 ஐந்தாம் தரத்தோடோ எட்டாம் தரத்தோடோ நின்றுவிடும். தோட்டங்களுக்குள் இருப்பவை பெரும்பாலும் கடைசி இரண்டு வகைதான். 1977 தொடங்கி அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. பெயர்ப் பலகை மாறியது, கட்டடங்கள் வந்தன. ஆனால் மேல்வகுப்பு பல தோட்டங்களில் இன்னும் மலைக்கு அப்பால்தான் இருக்கிறது. மடுல்சீமையிலும் நமுனுகுலையிலும் பூனாகலையிலும் மேல் டிவிசனில் இருக்கும் பிள்ளைக்கு விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் முதலில் பஸ் வேண்டும்.

இதன் விளைவு பல்கலைக்கழக வாசலில் தெரியும். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு ஏற்ப, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று ஒதுக்கப்படுகிறது. அந்த 16இல் பதுளையும் மொனராகலையும் இருக்கின்றன. 2012 கணக்கெடுப்பின்படி பதுளை மாவட்டச் சனத்தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 15 ஆயிரம். அதில் நூற்றுக்கு 18 பேருக்கு மேல் ‘இந்தியத் தமிழர்’ என்று பதிவான நம் மக்கள். அதாவது மாவட்டத்துக்குக் கிடைக்கும் இடங்களில் நம் தலைகளும் எண்ணப்பட்டுத்தான் இருக்கின்றன.

ஆனால் கலைப் பிரிவுத் தெரிவு பெரும்பாலும் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நடப்பது. நம் பிள்ளைகளில் உயர்தரம் வரை போகிறவர்கள் அதிகம் படிப்பது கலை. மாவட்டச் சலுகை கைகொடுக்கும் மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்குத் தேவையான பாடங்களோ நம் தோட்டத்துப் பாடசாலையில் இல்லை. இடம் ஒதுக்கும்போது எண்ணப்படுகிறோம். இடம் நிரப்பும்போது காணாமல் போகிறோம். பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் பட்டப்படிப்பு உண்டு. கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளை அந்தப் படிப்புக்குப் போக ஒன்பதாம், பத்தாம் தரத்திலேயே வழி போட வேண்டும்.

“இந்த எண்களை வெளியே சொன்னால் நம் பாடசாலைக்குத்தானே அவமானம், ஆசிரியர்களைத்தானே குறை சொல்வார்கள்?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான பயம். பத்து வருடங்களுக்கு முன் 3,000க்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களைத் தோட்டப் பாடசாலைகளுக்கு எடுத்து, மாதம் 6,000 ரூபாவும் பிறகு 10,000 ரூபாவும் கொடுத்து வேலை வாங்கினார்கள். அவர்களில் பலர் நம் லயத்திலிருந்து போன பிள்ளைகள். அவர்கள்மேல் பழி போடுவது நம் நோக்கமல்ல. எந்தப் பாடசாலையில் கணித ஆசிரியர் இல்லை, எந்த டிவிசனுக்குப் பஸ் இல்லை என்று கேட்பதற்குக் கையில் எண் வேண்டும். எண் இல்லாத கோரிக்கையை “கவனத்தில் எடுக்கிறோம்” என்ற ஒரே வார்த்தையால் அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும்.

ஒன்று: பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் பெற்றோர் போக வேண்டும். கட்டடமும் விளையாட்டுப் போட்டியும் பேசி முடிந்ததும், “பதினொரு வருடத்துக்கு முன் முதலாம் தரத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இந்த வருடம் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்கள்?” என்று கேட்க வேண்டும். வேறு பாடசாலைக்கு மாறிப் போனவர்களைத் தனியாகக் கழித்துக்கொள்ளலாம். பதில் சேர்வு இடாப்பிலேயே இருக்கிறது.

இரண்டு: பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரிய வெற்றிடம் எத்தனை என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்று: நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு நாமே போக வேண்டும். பஸ் காசா, சப்பாத்தா, கடனா, தனியாக ஒன்றரை மைல் நடக்கப் பயமா? காரணம் தெரிந்தால் பாதியைத் தோட்டத்திலேயே தீர்க்கலாம். மீதியைச் சங்கம் மாகாணக் கல்வி அமைச்சுக்குக் கொண்டுபோகும்.

நாட்சம்பளப் பேச்சுவார்த்தையில் நம் சங்கம் ஒவ்வொரு ரூபாவையும் எண்ணுகிறது. கொழுந்து மடுவத்தில் ஒரு கிலோ குறைத்து எழுதினால் நாம் விடுவதில்லை. நாற்பது பிள்ளைகளில் இருபது பேர் குறைந்திருக்கும்போதும் அதே மாதிரி தராசுக்கு முன்னால் நின்று கேட்க வேண்டும்.