தக்கை அமிழும் நேரம்



விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளை திரையில் மிதக்கும் ஒரு தக்கையையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தால், உடனே திட்டிவிடாதீர்கள். மீன் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

துப்பாக்கியும் பந்தயக் காரும் கோலோச்சும் வீடியோ கேம் உலகத்துக்குத் தூண்டில் புதிதல்ல. ஆக்டிவிஷனின் டேவிட் கிரேன் 1980-லேயே அட்டாரிக்காக 'ஃபிஷிங் டெர்பி'யை உருவாக்கினார். எதிரெதிரே இருவர் உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். நடுவே ஒரு சுறா திரியும். மாட்டிய மீனை மேலே இழுப்பதற்குள் அது கவ்விக்கொண்டு போய்விடும். இந்த வகை விளையாட்டின் சுவையும் எரிச்சலும் அந்தச் சுறாவிடமே தொடங்கிவிட்டன.

எரிக் பரோன் என்ற இளைஞர் தனியாளாக நான்காண்டுகளுக்கு மேல் உழைத்து 2016-ல் வெளியிட்ட 'ஸ்டார்டியூ வேலி' விவசாய விளையாட்டுதான். ஆனால் அதில் பலரைப் பாடாய்ப் படுத்துவது மீன்பிடி. பொத்தானை அழுத்தினால் பச்சைப் பட்டை ஏறும், விட்டால் இறங்கும். துள்ளும் மீனை அதற்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். தொடக்கத்தில் பட்டை சிறியது, மீனோ நிற்காது. பிடிக்கப் பிடிக்கத் திறன் கூடும், பட்டையும் நீளும். வசந்தகால மழைநாளில் மலை ஏரியில் மட்டுமே சிக்கும் 'லெஜண்ட்' என்ற மீனுக்காகவே பொறுமையாகக் காத்திருப்பவர்கள் உண்டு. பொறுமை இழந்தவர்களுக்காக மீன்பிடியை எளிதாக்கும் 'மாட்' எனும் மாற்று நிரல்களை ரசிகர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஊரடங்குக் காலத்தில், 2020 மார்ச்சில் வந்தது நின்டென்டோவின் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்'. அதில் மீன் இரையை முகர்ந்து முகர்ந்து விலகும். அவசரப்பட்டு இழுத்தால் போயிற்று. மழையில் மட்டும் வரும் சீலகாந்த் மீனை நம்பித் தூண்டில் போட்டால், பெரிய நிழலைக் காட்டி எத்தனையாவது முறையாகவோ ஒரு சீ பாஸ் வந்து நிற்கும். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி வீசுவோம்.

மறுபடி வீசத் தோன்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. நழுவிய மீன் நம் கை தவறியதால் நழுவியது என்று தெரிந்தால், அந்தக் கோபம் அடுத்த வீச்சுக்கு உரம். சில கைபேசி விளையாட்டுகள் இந்த இடத்தில்தான் கெடுக்கின்றன. நல்ல தூண்டிலுக்குக் காசு, காத்திருக்காமல் இருக்கக் காசு. காத்திருப்பை விலைக்கு வாங்கித் தவிர்த்துவிட்டால், தூண்டில்காரருக்கு மிச்சம் என்ன? பிள்ளைகளுக்கு மீன்பிடி விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, மீன் போனால் விளையாட்டு என்ன கேட்கிறது என்று பாருங்கள். இன்னொரு முறை முயலச் சொன்னால் விடுங்கள். பணம் கேட்டால் அழித்துவிடுங்கள்.

கடைசியாக, உங்களிடம் ஒரு வேண்டுகோள். திரையிலோ ஆற்றிலோ உங்கள் கைக்கு எட்டி நழுவிய மீனைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அதன் நீளத்தை எத்தனை அடி கூட்டிச் சொன்னாலும் ஒரு அங்குலமும் வெட்டாமல் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்