மேற்கோள் எண்ணிக்கை ஆய்வாளரின் மதிப்பெண்ணா?



ஒரு மருத்துவ ஆய்வாளரைப் பற்றி இணையத்தில் தேடினால், அவர் கண்டறிந்தது என்ன என்பதற்கு முன்பே சில எண்கள் நம் கண்ணில் படுகின்றன. எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர், அவருடைய 'எச்' குறியீடு எவ்வளவு என்பனவே அவை. இவ்வெண்களைக் கொண்டு அறிஞர்களை வரிசைப்படுத்த நம் மாணவர்கள் பழகிவிடக் கூடாது என்பது என் கருத்து.

மேற்கோள்களைத் தொகுக்கும் முறையை 1955இல் முன்மொழிந்தவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. அவருடைய அறிவியல் மேற்கோள் அட்டவணை 1964இல் வெளிவந்தது. ஒரு கருத்தைப் பின்னாளில் யார் ஏற்றார், யார் மறுத்தார் என்று தேடிப் பார்க்க அது பேருதவியாக இருந்தது. 2005இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் 'எச்' குறியீட்டை அறிமுகப்படுத்தினார். ஒருவரின் குறியீடு 20 என்றால், குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 அவரிடம் உள்ளன என்று பொருள். தேடுவதற்குப் பிறந்த கருவி, காலப்போக்கில் ஆளை எடைபோடும் தராசாக மாறிவிட்டது.

அந்தத் தராசு எங்கே பிழைக்கிறது?

1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 'தி லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 12 குழந்தைகளை மட்டுமே ஆராய்ந்த அக்கட்டுரை, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்திற்கும் தொடர்பிருக்கலாம் என்ற அச்சத்தைக் கிளப்பியது. 2010இல் இதழ் அதனைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் அது மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று. மறுப்பதற்காகக் குறிப்பிட்டாலும் எண்ணிக்கை ஏறத்தான் செய்யும். புகழ்ந்தவரையும் இகழ்ந்தவரையும் எண் பிரித்தறியாது.

இதற்கு நேர்மாறானது கட்டலின் கரிகோவின் கதை. எம்.ஆர்.என்.ஏ. ஆய்வுக்கு நிதி கிடைக்காமல் 1995இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவர் பதவி இறக்கப்பட்டார். 2005இல் துரூ வைஸ்மனுடன் அவர் வெளியிட்ட முக்கியக் கட்டுரையைத் தொடக்கத்தில் கவனித்தோர் சிலரே. 2020இல் கோவிட் தடுப்பூசிகள் அந்த அடித்தளத்தின்மேல் எழுந்தன. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் எண்ணை மட்டும் பார்த்தவர்கள் எதைத் தவறவிட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பன்றிப் பண்ணைகளில் பரவிய கொடிய மூளைக்காய்ச்சலை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதினர். கொசுவை ஒழிக்க மருந்து தெளித்தனர். 1999இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அதுவே நிப்பா. நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்நோய், உண்மைக் காரணம் தெரிந்து, பன்றிகள் அழிக்கப்பட்ட பின்னரே அடங்கியது. அக்கண்டுபிடிப்பால் காக்கப்பட்ட உயிர்களை எந்த மேற்கோள் அட்டவணை கணக்கிடும்?

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்ப்போருக்கு அது ஒரு தொடக்கக் குறிப்பாகலாம். ஆனால், கட்டுரையைப் படிக்கும் உழைப்புக்கு அது ஈடாகாது.

இது நமக்கும் பொருந்தும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. எத்தனை 'ஏ' என்று கேட்கும் பழக்கமோ இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. அதே பழக்கத்தோடுதான், 'பெரிய இதழில் வந்தது' என்ற ஒரு சொல்லை நம்பி, வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவச் செய்தியைப் பிறருக்கும் அனுப்புகிறோம். குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதா என்ற முடிவுகூட அதனால் தடுமாறக்கூடும்.

ஆகவே, ஓர் ஆய்வைப் பற்றி வகுப்பிலும் வீட்டிலும் பேசும்போது மூன்று வினாக்களைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். அவர் எதை அறிய முயன்றார்? எப்படிச் சோதித்தார்? பிறர் செய்து பார்த்தபோதும் அதே விடை வந்ததா? இவற்றுக்கு விடை தேடும் மாணவன் எண்ணைக் கண்டு மயங்க மாட்டான்.

சிந்திப்போம், செயல்படுவோம்.