ஆடாதவர் கணக்கு

கல்லூரி ஆண்டுவிழாக்களில் வாசிக்கப்பெறும் அறிக்கையில் விளையாட்டுக்கென ஒரு பகுதி தவறாது இடம்பெறும். மண்டலக் கபடிப் போட்டியில் பெற்ற சுழற்கோப்பை, பல்கலைக்கழக அணிக்குத் தேர்வுபெற்ற ஓரிருவரின் பெயர், தடகளப் பதக்கங்கள் ஆகியவை கைத்தட்டலுக்கிடையே அறிவிக்கப்பெறும். வென்றவரைப் பாராட்டுதல் நம் கடமையே. ஆயின், 2,000 பேர் பயிலும் ஒரு கல்லூரியில் எல்லா அணிகளையும் சேர்த்து 150 பேர் இருப்பின் அதுவே மிகுதி. எஞ்சியோர் மூன்றாண்டுகளில் ஒருமுறையேனும் திடலில் கால் வைத்தனரா என்று எந்த அறிக்கையும் வினவுவதில்லை. மாணவர்க்கான விளையாட்டு ஏற்பாடுகளின் பயனை மதிப்பிட விழைவோர் இவ்வினாவிலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பது என் கருத்து.

கல்லூரிகளை மட்டும் குறை கூறுதலும் முறையன்று. 1994இல் நிறுவப்பெற்ற தேசிய மதிப்பீட்டுக் குழுவான 'நாக்', கல்லூரிகளிடம் கேட்டுவந்த விவரங்களில் விளையாட்டிலும் கலையிலும் பெற்ற விருதுகளின் எண்ணிக்கையும், மாணவர் கலந்துகொண்ட நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையும் உண்டு. கேட்கப்பட்டதைத்தானே கல்லூரி எண்ணி வைக்கும்!

விளையாட்டின் பயனை எடுத்துரைப்போர் பெரும்பாலும் மதிப்பெண்ணைத் துணைக்கழைக்கின்றனர். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம், உடற்பயிற்சிக் கூடத்திற்கு அடிக்கடி வரும் மாணவர் பிறரினும் கூடுதல் மதிப்பெண் பெறுவதாக 2013இல் தெரிவித்தது. பெற்றோரிடம் எடுத்துச் சொல்ல இது நல்ல செய்திதான். எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நேரத்தை ஒழுங்குபடுத்தத் தெரிந்த மாணவனே நாள்தோறும் கூடத்திற்கும் வருகிறான். அவனே நன்றாகவும் படிக்கிறான். இதில் எது காரணம், எது விளைவு? அதே நாட்டின் இல்லினாய் பல்கலைக்கழகம் 2016இல் தன் ஊழியர் ஏறத்தாழ 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினர்க்கு மட்டும் உடல்நலத் திட்டம் ஒன்றை அளித்தது. தாமாக விரும்பிப் பங்கேற்றோர் பிறரினும் நலமாகவே காணப்பட்டனர். ஆனால் குலுக்கலில் பிரித்த இரு பிரிவுகளையும் ஒப்பிட்டபோது, மருத்துவச் செலவிலோ பழக்கவழக்கங்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அவ்வாய்வு ஊழியரைப் பற்றியதே, மாணவரைப் பற்றியதன்று. எனினும் விளையாடினால் மதிப்பெண் கூடும் என்று உறுதிமொழி அளிப்போர் சற்றே தயங்குதல் நலம்.

உண்மையில் அந்த உறுதிமொழி நமக்குத் தேவையே இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். செல்வம், புலன், புணர்வு ஆகியன ஏனைய மூன்று. புலன் என்பதைக் கல்வியின் பயனாகிய அறிவு என உரை கொள்வார் பேராசிரியர். ஆக, கல்வியும் விளையாட்டும் ஒரே வரிசையில் அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றுக்கு ஏவல் செய்வதாக அங்கே சொல்லப்படவில்லை. உரியியலில் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்றே பொருள் கூறப்பெற்றுள்ளது. சங்கப் பாடல்களில் ஓரையாடும் மகளிர் தனித்து ஆடுவதில்லை. உடன் ஆயம் இருக்கும்.

இந்த ஆயம் என்னும் சொல்லில்தான் நாம் தேடும் பயன் அடங்கியுள்ளது என்று கருதுகிறேன். வகுப்பறையில் ஒரு மாணவன் வராவிடில் வருகைப் பதிவேட்டில் ஒரு குறி விழும், அவ்வளவே. மாலையில் கபடிக்கு எழுவர் வேண்டியிருக்க அறுவரே வந்திருப்பின், ஏழாமவனைத் தேடி விடுதி அறைக்கே ஒருவன் ஓடுவான். 'என்னடா, படுத்துக் கிடக்கிறாய்?' என்று கேட்பான். சிற்றூரிலிருந்து முதன்முறையாக நகரக் கல்லூரிக்கு வந்து, ஆங்கிலப் பாடநூலுக்கு அஞ்சி, அறைத்தோழர் பேச்சிலும் கலக்க இயலாது ஒதுங்கும் பிள்ளைகளை ஆசிரியராகிய நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவர்களைத் தேடி வரும் ஓர் ஆளை எந்தப் பாடத்திட்டமும் தருவதில்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 13,044 மாணவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது. விளையாட்டு இதற்கு மருந்து என்று கூற நான் துணியேன். காரணங்கள் பல, அவற்றுட் சில மிக ஆழமானவை. ஆயினும் தான் இல்லாததை ஒருவர் உடனே உணர்கிறார் என்னும் நிலை ஓர் இளம் உள்ளத்திற்கு எத்துணைப் பெரிது!

இனி, பெரும்பான்மையோர் ஏன் ஆடுவதில்லை? சோம்பல் என்பர் சிலர். கைப்பேசி என்பர் சிலர். கால அட்டவணையை எடுத்துப் பார்ப்பவர் அவ்வாறு எளிதிற் சொல்லார். இரு வேளையாக இயங்கும் கல்லூரிகளில் முற்பகற் பிரிவினர் வெளியேறும்போது வெயில் உச்சியில் நிற்கிறது; பிற்பகற் பிரிவினர் வெளியேறும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. ஆடத்தக்க மாலைவேளை ஒரு சாராருக்கு வகுப்பிலும், மறு சாராருக்குப் பேருந்திலும் கழிகிறது. ஊருக்குள் செல்லும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் நான்கு கல் நடக்கவேண்டிய மாணவியிடம் சிறிது நேரம் ஆடிவிட்டுப் போ என்று எவ்வாறு கூறுவது? இதற்கிடையே புதிய வகுப்பறைக் கட்டடம் வேண்டும்போதெல்லாம் முதலிற் கண்ணிற் படுவது திடலின் ஓரமே.

மாணவியர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தேவநேயப் பாவாணர் தம் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' நூலில் ஆண்பாற்குரியவை, பெண்பாற்குரியவை, இருபாற்குரியவை என ஆட்டங்களை வகுத்தார். பெண்கள் ஆட நம்மிடம் ஆட்டங்களுக்குக் குறைவில்லை, இடத்திற்கே குறைவு. சாலையை நோக்கிய திறந்த திடலில், மதிலுக்கு அப்பால் நிற்போர் பார்த்திருக்க, எறிபந்து ஆடுக என்றால் பத்துப் பேர் வருவர். அதனையே கட்டடங்களுக்கு நடுவிலுள்ள முற்றத்தில் ஏற்பாடு செய்தால் ஐம்பது பேர் வருவர். நாணம் என்று இதற்குப் பெயர் சூட்டி ஒதுங்கிவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது.

நாட்டில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920லேயே தோன்றிவிட்டது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் வந்தது. 'ஃபிட் இந்தியா' இயக்கம் 2019 ஆகஸ்டு 29இல் தொடங்கப்பெற்றது. கல்லூரிகள் பலவும் அணிவகுத்து உறுதிமொழி எடுத்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்டன. உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, வயதுவந்தோர்க்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. வாரத்தில் ஐந்து நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு அரைமணி. நம் கால அட்டவணையில் அந்த அரைமணி எங்கே உள்ளது என்று உடற்கல்வி இயக்குநரைக் கேட்பதினும், அட்டவணை வகுக்கும் குழுவினரைக் கேட்பதே பொருத்தம்.

செய்யத்தக்கது பெருஞ்செலவினதன்று. ஒவ்வொரு வகுப்பிற்கும் வாரம் ஒரு பாடவேளை, அணியில் இல்லாதவர்க்கென்றே ஒதுக்கப்பெறல் வேண்டும்; அவ்வேளையைப் பாடம் முடிக்கக் கடன்கேட்கும் வழக்கத்தை ஆசிரியராகிய நாம் கைவிடல் வேண்டும். வளையப்பந்துக்கு இரு கம்பமும் ஒரு வலையும் ஒரு ரப்பர் வளையமும் போதும். நூலகத்தின் பின்புறமுள்ள வேப்பமர நிழலே களமாகும். துறைகளுக்கிடையிலான போட்டியில், முன்பு எந்த அணியிலும் ஆடாதவர் பாதிப் பேரேனும் இருத்தல் வேண்டும் என விதி வகுக்கலாம். தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் மோதும் அவ்வாட்டத்தின் தரம் குறைவாகத்தான் இருக்கும். சிரிப்பு மிகுதியாக இருக்கும்.

திடலின் வாயிலில் ஒரு பதிவேடும் வைக்கப்பெறல் வேண்டும். வந்தவர் பெயர், வகுப்பு, நாள் ஆகிய மூன்று மட்டும் போதும். முதலாண்டில் வந்தவர் மூன்றாமாண்டிலும் வருகின்றனரா, மாணவியர் எத்தனை பேர், ஒருநாளும் வராதவர் யார் என்பன ஆண்டிறுதியில் அதிலிருந்து புலப்படும். ஒருநாளும் வராதவரை அழைத்து, கடிந்துகொள்ளாமல், காரணம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அடுத்த ஆண்டறிக்கையில் கோப்பைகளின் பட்டியலுக்குக் கீழே அந்தப் பக்கத்தையும் முதல்வர் வாசிக்கட்டும்.