பொறுமையை யாருக்குப் போதிக்கிறோம்?

கோபம் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று, அதற்கு எதிரான புண்ணியம் பொறுமை என்று சிறு வயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். அந்தப் பாடத்தோடு எனக்குத் தகராறு இல்லை. அதை நாம் யாருக்கு எடுத்துச் சொல்கிறோம் என்பதில்தான் தகராறு.

கவனித்துப் பாருங்கள். மாமியாரின் பேச்சுத் தாங்காமல் அழுகிற மருமகளிடம், "பொறுத்துப்போம்மா, சிலுவையாக நினைத்து ஒப்புக்கொடு" என்கிறோம். அப்பா சொத்தில் பங்கு கொடுக்காமல் அண்ணன்மார் கையெழுத்து வாங்கிக்கொண்ட தங்கையிடம், "தபசுக்காலம் வருகிறது, மன்னித்துவிடு" என்கிறோம். அந்த மாமியாரிடமோ அண்ணன்மாரிடமோ போய் ஒரு வார்த்தை சொல்ல நமக்கு நேரம் கிடைப்பதில்லை. நம்மிடத்தில் பொறுமை என்கிற புண்ணியம் எப்போதும் மேலேயிருந்து கீழேதான் இறங்குகிறது.

மேலே இருப்பவர்களுக்கு வேறு சலுகை. "அவர் கொஞ்சம் கோபக்காரர், ஆனால் மனசு தங்கம்" என்று சொல்லிவிடுவோம். நான் குமாஸ்தாவாக வேலை பார்த்த நாளில் ஒரு மேலதிகாரி இருந்தார். பியூன் மேல் ஃபைலை விட்டெறிவார். "கோபம் வந்தால் எனக்கு அடக்கத் தெரியாது" என்று அவரே பெருமையாகச் சொல்வார். அந்த நேரம் பார்த்து இயக்குநரிடமிருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, தேன் ஒழுகப் பேசுவார். அடக்கத் தெரியாத கோபம் அரை நொடியில் எங்கே போயிற்று? யாரிடம் வரலாம், யாரிடம் வரக்கூடாது என்று அந்தக் கோபத்துக்கு நன்றாகத் தெரியும். இதை நான் பலவீனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அதிகாரம்.

வேதாகமம் என்ன சொல்கிறது? மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், காணிக்கை செலுத்த பீடத்தண்டை வந்தவன் பாதியில் விட்டுவிட்டுப் போய்ச் சமாதானம் செய்துகொண்டு வரவேண்டும் என்கிறார் ஆண்டவர். இதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் யார் போகவேண்டும் என்று கவனித்தோமா? சகோதரன் மேல் மனத்தாங்கல் உள்ளவனை அவர் அனுப்பவில்லை. எவன் மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் இருக்கிறதோ, அவனைத்தான் போகச் சொல்கிறார். கோபம் வரக் காரணமானவன்தான் முதல் அடி எடுத்து வைக்கவேண்டும். நாம் இதைத் தலைகீழாக்கி, அடிபட்டவனைப் பிடித்து நடக்கச் சொல்கிறோம்.

மாற்கு 3ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே கோபத்தோடு சுற்றிலும் பார்த்தார் என்று எழுதியிருக்கிறது. ஓய்வுநாளில் ஒரு சூம்பின கைக்காரனைக் குணமாக்குகிறாரா என்று வேவு பார்த்தவர்களின் கல் மனதைக் கண்டு வருந்தி வந்த கோபம் அது. அந்தக் கோபத்தின் முடிவில் யாருக்கும் அடி விழவில்லை, ஒருவனுக்குக் கை குணமாயிற்று. நம் கோபத்தையும் இதே கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: இதனால் யாருக்காவது கை நிமிர்ந்ததா, அல்லது கை ஒடிந்ததா?

சலேசியாரை மறந்துவிட்டீரா என்று சிலர் கேட்பார்கள். மறக்கவில்லை. புனித பிரான்சிஸ் சலேசியார் 1609இல் வெளியிட்ட பக்தி வாழ்வு பற்றிய பிரெஞ்சு நூலில், கோபத்தை அளவோடு பயன்படுத்தப் பழகுவதைவிட அது இல்லாமலே வாழப் பழகுவது மேல் என்கிறார். நான் மறுக்கத் துணியவில்லை. ஆனால் அந்த மருந்தைப் படிக்கிறவர் தானே குடிக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் வாயில் ஊற்றுவதற்காக அவர் அதை எழுதவில்லை.

விழுங்கின கோபம் என்ன ஆகும்? புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இரண்டு வார்த்தைகள் தெரிந்திருக்கும்: கொலேர், ரான்க்யூன். கொலேர் கோபம். ரான்க்யூன் மனதில் வைத்திருக்கும் வன்மம். சிக்கு வாடை எடுத்த எண்ணெய், வெண்ணெயை பிரெஞ்சில் ரான்ஸ் என்பார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே. மூடி வைத்த கோபம் கெட்டுப்போய் நாறும் என்பது அந்த வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய கடிதத்தில் கோபத்துக்குப் பொழுது சாயும் வரை கெடு வைத்தார். கோபமே வரக்கூடாது என்றால் கெடு எதற்கு? மறைந்த திருத்தந்தை பிரான்சிசும் 2016இல் குடும்ப வாழ்வு பற்றி எழுதிய மடலில், சமாதானம் செய்துகொள்ளாமல் அந்த நாளை முடிக்காதீர்கள் என்றார். அதற்கு முழந்தாளிட வேண்டாம், ஒரு சின்ன அன்புச் செய்கை போதும் என்றும் சொன்னார்.

வழியையும் ஆண்டவரே காட்டியிருக்கிறார், மத்தேயு 18இல். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேசு. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிப்போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நம் வரிசை வேறு. தெருவுக்கு முதலில் தெரியும், பிறகு சொந்தக்காரருக்கு, சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியில்! தனியாகப் போய், "அண்ணே, நீங்கள் செய்தது எனக்கு வலிக்கிறது, என் பங்கு எனக்கு வேண்டும்" என்று குரல் உயர்த்தாமல் சொல்கிற தங்கை பாவம் செய்யவில்லை. ஆண்டவர் சொன்னபடி நடக்கிறாள்.

பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் பாருங்கள். முன்பின் தெரியாதவருக்கெல்லாம் சிரித்தபடி கும்பிடு போடுகிறோம். மூன்றாவது பெஞ்சில் இருக்கும் கூடப்பிறந்தவன் பக்கம் மட்டும் கழுத்து திரும்புவதில்லை. அவனுக்கு நம் மேல் மனத்தாங்கல் இருந்தால், போகவேண்டியது நாம்தான்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வீடுகளில் இப்போது நாம்தான் மேலே இருப்பவர்கள். பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் பொறுமையைப் போதிப்பதை ஒரு வாரம் நிறுத்திவைப்போம். நம்மால் மனம் நொந்தவர் யார் என்று யோசித்து, சாயங்காலத் திரிகால மணி அடிக்கும் முன் அவரைப் போய்ப் பார்ப்போம். கால் வலித்தால் போன் இருக்கிறது.