முதலில் வரும் லிங்க் சரியான லிங்க் அல்ல!

வீட்டுக் கம்ப்யூட்டரில் என்னென்ன தேடுகிறோம் என்று கேட்டால் ரயில் டிக்கெட், பரீட்சை ரிசல்ட், சமையல் குறிப்பு என்று சொல்வோம். குடியை விட நினைக்கும் ஒருவர், எல்லோரும் தூங்கிய பிறகு டைப் செய்து தேடுவதை யாரும் சொல்வதில்லை. மற்ற தேடல்களில் தவறான லிங்க்கைக் க்ளிக் செய்தால் ஐந்து நிமிடம் வீணாகும். இந்தத் தேடலில் வழி தவறினால், அவர் மறுபடி தேடாமலே போய்விடலாம்.

அவர் தேடுவது பெரும்பாலும் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்ற அமைப்பின் கூட்டம். 1935ல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இருவர் தொடங்கியது இது. இருவருமே குடியால் பாதிக்கப்பட்டவர்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், உறுப்பினர் ஆகலாம். கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. 27 ஆய்வுகளை, அதாவது 10,565 பேரின் விவரங்களை, அலசிய காக்ரேன் அறிக்கை 2020ல் வெளியானது. ஏ.ஏ.வில் சேர வழிகாட்டும் சிகிச்சை முறை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற முறைகளைவிட நல்ல பலன் தந்தது என்கிறது அது.

ஆனால் சர்ச் இன்ஜினில் தேடினால் முதலில் என்ன வருகிறது? பெரும்பாலும் பணம் கட்டிப் போடப்பட்ட விளம்பரங்கள். விளம்பரத்தை நம்பிக் கூட்டம் சேர்ப்பது ஏ.ஏ.வின் வழக்கம் அல்ல. உறுப்பினர்கள் விரும்பிப் போடும் காசில்தான் அறை வாடகையும் டீச் செலவும் நடக்கிறது. ஆகவே இலவசக் கூட்டம் கீழே இருக்கும். காசு கேட்கும் இடம் மேலே இருக்கும். அமெரிக்காவில் இடைத்தரகர்கள் இப்படி நோயாளிகளைப் பிடித்து மறுவாழ்வு மையங்களுக்கு அனுப்புவதாகப் புகார்கள் எழுந்தன. அதனால் 2017 செப்டம்பரில் கூகுள் அங்கே இவ்வகைத் தேடல்கள் பலவற்றுக்கு விளம்பரங்களை நிறுத்தியது. 2018ல் சான்று பெற்ற நிறுவனங்களுக்கு மட்டுமே மீண்டும் அனுமதி கொடுத்தது.

எனவே விளம்பரம் என்ற குறிப்புள்ள முடிவுகளைத் தாண்டிச் செல்லுங்கள். ஏ.ஏ.வின் சொந்த வெப்சைட்டில் உங்கள் ஊரைத் தேடுங்கள். முகவரி கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் இப்போதும் அங்கேதான் நடக்கிறதா என்று போன் செய்து கேளுங்கள். பல கூட்டங்கள் சர்ச் ஹாலிலோ பள்ளி அறையிலோ நடக்கும். மேப்பில் சர்ச் பெயர் மட்டும் தெரிந்தால் தவறான இடமோ என்று குழம்ப வேண்டாம். மீட்டிங் கைடு என்ற இலவச ஆப் அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்களுக்கு மிகவும் உதவும். அதில் உங்கள் ஊர் வராவிட்டால் அங்கே கூட்டமே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அனானிமஸ் என்றால் பெயர் வெளியே தெரியாதது. கூட்டத்தில் காக்கப்படும் அந்த ரகசியத்தை நம் கம்ப்யூட்டர் உடைத்துவிடலாம். எல்லோரும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் பிரவுசரின் பிரைவேட் விண்டோவில் தேடுங்கள். அது ஹிஸ்டரியைச் சேமிக்காது. ஆனால் ஆபீஸ் நெட்வொர்க்கிலிருந்து உங்களை மறைக்காது. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் நம்பரை மற்றவர்களும் பார்க்க முடியும். 2020 ஊரடங்கில் பல கூட்டங்கள் ஜூமுக்கு மாறின. அப்படிச் சேரும்போது திரையில் முழுப்பெயர் வருகிறதா என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் இலவச உதவி எண் 14446. கூட்டம் என்பது டாக்டருக்கு மாற்று அல்ல. குடும்பத்தினருக்கு அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது. குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ பெற்றோரோ அதற்குப் போகலாம்.

கூட்டம் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெப்சைட்டில் ஒவ்வொரு கூட்டத்தின் அருகிலும் அந்த விவரம் கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதியைப் போடுங்கள். இதற்குப் பெரிய சாப்ட்வேர் தேவையில்லை. மாதம் ஒருமுறை ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். பல நாள் தயங்கி, ஒருநாள் துணிந்து பஸ் ஏறி வருபவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பக் கூடாது. கம்ப்யூட்டர் தெரிந்த வாசகர்களே, உங்கள் ஊர்க் குழுவுக்கு இந்த உதவியை நீங்களே செய்து கொடுக்கலாமே!